முதலில் கல்லாப்பெட்டி, பிறகு நிரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் தொழில் பற்றிய செய்திகள் பெரும்பாலும் எந்த நிறுவனம் எத்தனை கோடி முதலீடு திரட்டியது என்பதோடு நின்றுவிடுகின்றன. ஒருவரோ இருவரோ சேர்ந்து, வெளியார் முதலீடு இல்லாமல், இருநூறு முந்நூறு பேர் மாதாமாதம் பணம் கட்டிப் பயன்படுத்தும் ஒரு சிறு மென்பொருளை உருவாக்கி நடத்துவதும் முழுமையான தொழில்தான். அதில் இறங்க நினைக்கும் வாசகர்களுக்காக எழுதுவதால் கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

இத்தகைய முயற்சிகள் நிரல் மோசமாக எழுதப்பட்டதால் தோற்பது குறைவு. ஆறு மாதம் எழுதி, அழகுபடுத்தி, வெளியிட்ட பிறகுதான் 'இதற்கு யார் பணம் தருவார்கள்?' என்ற கேள்வியே எழுகிறது. அதற்குள் கைக்காசும் உற்சாகமும் தீர்ந்துபோகின்றன. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. பணம் யாரிடமிருந்து, எதற்காக, எந்த வழியாக வரும் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அதற்கு வேண்டிய அளவு மட்டும் நிரல் எழுத வேண்டும். நிரல் எழுதித் தரும் ஏஐ கருவிகள் வந்த பிறகு இதன் அவசியம் கூடியிருக்கிறது. யாருக்கும் வேண்டாத ஒன்றை இப்போது ஒரே வாரத்தில் எழுதி முடித்துவிட முடிகிறது.

1979-ல் டான் பிரிக்லின், பாப் ஃப்ராங்க்ஸ்டன் இருவரும் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கிய விசிகால்க் இதற்குப் பழைய, நல்ல எடுத்துக்காட்டு. அதுவரை கணக்கர்கள் பெரிய தாளில் கட்டம் போட்டு, ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து மீண்டும் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை விசிகால்க் ஒழித்தது. அந்த மென்பொருளுக்காகவே கணினி வாங்கியவர்கள் இருந்தார்கள். கணினி அவர்களுக்குப் புதிது. மணிக்கணக்கில் கூட்டிக் கழித்த அலுப்பு பழையது. பணம் அந்தப் பழைய அலுப்புக்காகத்தான் வந்தது.

ஆகவே பிரச்சினையைத் தேடும்போது, ஏற்கெனவே யாரோ காசையோ நேரத்தையோ செலவழித்துக்கொண்டிருக்கும் இடமாகப் பார்க்க வேண்டும். விளக்கத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: கேமரா, லென்ஸ், விளக்கு போன்ற படப்பிடிப்புக் கருவிகளை வாடகைக்கு விடும் சிறு நிறுவனங்கள். பதிவுகள் எக்செல் கோப்பில் பாதி, அலைபேசிச் செய்திகளில் பாதி, உரிமையாளரின் நினைவில் மீதி என்று கிடக்கும். ஒரே லென்ஸை ஒரே நாளுக்கு இருவருக்கு ஒப்புக்கொண்டுவிடுவார்கள். அன்று காலை அவசரமாக வேறு இடத்தில் அதிக வாடகைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும், அல்லது ஒரு வாடிக்கையாளரை இழக்க வேண்டும். இந்த நட்டத்தை எண்ணில் சொல்ல முடியும், அது திரும்பத் திரும்ப நடக்கும், அனுபவிப்பவரே பணப்பைக்கும் சொந்தக்காரர். இப்படி மூன்றும் ஒரே ஆளிடம் கூடிவருவது அபூர்வம், கிடைத்தால் விடக்கூடாது. பெரிய நிறுவனத்தில் ஊழியர் படும் சிரமத்துக்கு மென்பொருள் செய்தால், சிரமப்படுபவர் ஒருவராகவும் பணம் தர ஒப்புதல் அளிப்பவர் இன்னொருவராகவும் இருப்பார்கள். ஒரே ஆள் நடத்தும் தொழிலுக்கு அந்த நீண்ட பேச்சுவார்த்தை கட்டுப்படியாகாது.

இப்படிப்பட்ட பத்துப் பதினைந்து பேரிடம் நேரில் பேசாமல் எதையும் எழுதத் தொடங்கக் கூடாது. 'இப்படி ஒரு மென்பொருள் வந்தால் வாங்குவீர்களா?' என்பது பயனற்ற கேள்வி. மரியாதைக்காக எல்லோரும் 'கண்டிப்பாக' என்பார்கள். நடந்ததைக் கேட்க வேண்டும்: கடைசியாக இரட்டைப் பதிவு எப்போது நிகழ்ந்தது, அன்று என்ன செய்தீர்கள், எவ்வளவு போனது, அதைத் தடுக்க இதுவரை எதை முயன்றீர்கள், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? எக்செல் கோப்பைக் காட்டச் சொல்லிப் பார்ப்பது இன்னும் நல்லது. அதில் அவரே கண்டுபிடித்துச் சேர்த்த நிறக் குறிகளும் கூடுதல் நெடுவரிசைகளும்தான் உங்கள் மென்பொருளின் உண்மையான தேவைப் பட்டியல். 'அப்படியெல்லாம் பெரிதாக ஒன்றும் முயலவில்லை' என்று பத்தில் எட்டுப் பேர் சொன்னால், அந்தப் பிரச்சினை அவர்களை உறுத்தவில்லை என்று பொருள். வேறொன்றைத் தேட வேண்டியதுதான்.

உறுத்துகிறது என்று தெரிந்தால் அடுத்த கட்டம் முன்பணம். எட்டு வாரத்தில் தருகிறோம், மூன்று மாதக் கட்டணத்தை இப்போதே பாதி விலையில் செலுத்துங்கள், சொன்ன தேதியில் தராவிட்டால் முழுத்தொகையும் திருப்பித் தருகிறோம் என்று எழுத்தில் கொடுத்துக் கேட்க வேண்டும். மூன்று பேராவது கட்டினால் தொடங்கலாம். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் தொடாமல் வைத்திருப்பது அவசியம்; செலவழித்துவிட்டால் திருப்பித் தருவதாகக் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும். பாராட்டிவிட்டுப் பணம் தராதவர்களிடம் காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்புகளுக்குப் பிறகு பலமுறை திரும்ப வேண்டியிருக்கும்.

விலையை எப்படி முடிவு செய்வது என்பதில் இரண்டு கணக்குகள் போதும். வாடிக்கையாளருக்கு மாதம் நான்கு மணி நேரம் மிச்சமாகிறது என்றால், அவருடைய ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பைக் கேட்பது நியாயம். மற்றது உங்கள் பக்கக் கணக்கு: மாதம் உங்களுக்குத் தேவையான வருமானத்தை 200-ஆல் வகுத்துப் பாருங்கள். அதற்கும் கீழே விலை வைத்தால் இருநூறுக்கு மேல் வாடிக்கையாளர்கள் வேண்டும். அத்தனை பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டே மென்பொருளையும் தனியாளாகக் கவனிப்பது மிகக் கடினம். இரண்டு கணக்குகளும் ஒத்துவராவிட்டால் விலையை இழுத்துப் பிடிக்காமல் வேறு பிரச்சினைக்குப் போவது நல்லது. தொடக்கத்தில் ஒரே திட்டம் போதும். தேவைப்பட்டால் கருவிகளின் எண்ணிக்கையை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம், ஏனென்றால் கருவிகள் பெருகும்போது அவருடைய வருமானமும் பெருகுகிறது. பயனர் எண்ணிக்கைக்குக் கட்டணம் வைத்தால் ஐந்து பேர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வார்கள். யார் எதை மாற்றினார் என்ற தடம் அழிந்துவிடும். நிரந்தர இலவசத் திட்டத்தைத் தொடக்கத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். பணம் கட்டாதவர்களின் கேள்விகளும் விருப்பங்களும் உங்கள் நேரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு, மென்பொருளைப் பணம் கட்டுபவர்களுக்கு வேண்டாத திசையில் இழுத்துச் செல்லும். முப்பது நாள் சோதனைக் காலம் போதும்.

அடுத்து, பணம் வந்து சேரும் குழாய். எந்தக் கட்டணச் சேவை உங்கள் நாட்டு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் என்பதை ஒரு வரி நிரல் எழுதும் முன்பே பார்த்துவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு இந்தச் சுவரில் முட்டிக்கொண்டவர்கள் பலர். இதில் இரு வகை உண்டு. ஸ்ட்ரைப் போன்றவை அட்டைப் பணத்தை வாங்கித் தருபவை. விற்பவர் நீங்கள், வரிப் பொறுப்பும் உங்களுடையது. பேடில் போன்றவையோ சட்டப்படி தாங்களே விற்பனையாளராக நின்று, ஒவ்வொரு நாட்டு விற்பனை வரியையும் தாங்களே வசூலித்துக் கட்டுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஜனவரி 1 முதல், தனிநபர்களுக்கு விற்கப்படும் மின்னணுச் சேவைகளுக்கு வாங்குபவர் வாழும் நாட்டின் வரி விகிதமே பொருந்துகிறது. பல நாடுகளுக்கு விற்பவருக்கு இந்த இரண்டாம் வகை பெரிய நிம்மதி.

அந்த நிம்மதிக்கு விலை உண்டு. ஸ்ட்ரைப் அமெரிக்காவில் இணைய அட்டைக் கட்டணத்துக்கு அறிவித்த பொது விகிதம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும்; பேடிலுடையது 5 சதவீதமும் 50 சென்ட்டும். சதவீதத்தை விட அந்தச் சென்ட்டுகள்தான் சிறு தொகைகளைத் தின்கின்றன. ஐந்து டாலர் சந்தாவில் முதல் வகைக்கு ஏறத்தாழ 45 சென்ட் போகிறது, அதாவது 9 சதவீதம். இரண்டாம் வகைக்கு 75 சென்ட், 15 சதவீதம். ஐம்பது டாலராக இருந்தால் முறையே 3.5, 6 சதவீதம்தான். ஐந்து டாலரைப் பன்னிரண்டு முறை வாங்காமல் ஆண்டுக்கு ஒருமுறை அறுபதாக வாங்கினால், முதல் வகையில் 5 டாலர் 34 சென்ட் போவது 2 டாலர் 4 சென்ட்டாகக் குறையும். ஆண்டுச் சந்தாவுக்கு இரண்டு மாதம் இலவசம் என்று கொடுப்பது சுமார் 17 சதவீதத் தள்ளுபடி. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறைதான் 'தொடரலாமா' என்ற யோசனை வாடிக்கையாளருக்கு வருகிறது என்பதால் அது ஈடாகிவிடும். ஆப்பிளின் செயலிக் கடையில் விற்பவர்கள், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வருமானம் உள்ளவர்களுக்குப் பங்கை 30-லிருந்து 15 சதவீதமாகக் குறைக்கும் திட்டம் 2021 ஜனவரி முதல் இருப்பதையும், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

குழாயில் கசிவு எங்கே வருகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாகச் செய்பவர்கள், பணம் கட்டியவர் 'நன்றி' பக்கத்துக்குத் திரும்பி வந்ததும் கணக்கைத் திறந்துவிடுவார்கள். கட்டியவர் அந்தப் பக்கம் வருவதற்குள் இணைப்பு அறுந்தாலோ உலாவியை மூடினாலோ, பணம் போயிருக்கும், கணக்கு திறந்திருக்காது. அவர் எழுதும் முதல் மின்னஞ்சல் கோபமாக இருப்பதில் வியப்பில்லை. கணக்கைத் திறப்பது கட்டணச் சேவை உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் 'வெப்ஹூக்' செய்தியை வைத்துத்தான் நடக்க வேண்டும். அந்தச் செய்தி இருமுறை வரலாம், வரிசை மாறி வரலாம். ஒவ்வொரு செய்திக்கும் உள்ள தனி எண்ணை ஒரே எண் இருமுறை ஏறாதபடி தடுக்கும் 'யுனீக்' கட்டுப்பாடு உள்ள அட்டவணையில் எழுதிவைத்து, முன்பே இருந்தால் ஒன்றும் செய்யாமல் 'கிடைத்தது' என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும். செய்தியில் உள்ள கையொப்பத்தைச் சரிபார்க்காமல் விட்டால், யார் வேண்டுமானாலும் 'பணம் கட்டிவிட்டேன்' என்று ஒரு போலிச் செய்தி அனுப்பிக் கணக்கைத் திறந்துகொள்ளலாம். சரிபார்க்கும்போது வந்த உரையை அப்படியே எடுக்க வேண்டும். அதை ஜேசன் என்ற தரவு வடிவமாகப் பிரித்து மீண்டும் கோத்தால் ஓர் இடைவெளி மாறியும் கையொப்பம் பொருந்தாமல் போகும். இதற்காக ஒரு நாள் முழுதும் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. உங்கள் சர்வர் படுத்திருந்தால் ஸ்ட்ரைப் மூன்று நாள் வரை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும், பிறகு விட்டுவிடும். ஆகவே தினம் ஒருமுறை, கட்டணச் சேவையின் பட்டியலையும் உங்கள் தரவுத்தளத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் சிறு நிரல் ஒன்று அவசியம். கல்லாவை இரவில் எண்ணிப் பார்க்காத வியாபாரம் உண்டா?

தொகையை எப்போதும் அந்த நாணயத்தின் மிகச்சிறிய அலகில், முழு எண்ணாகச் சேமிக்க வேண்டும். தசம எண்ணாக வைத்தால் கணினியில் 0.1-உம் 0.2-உம் கூடி 0.30000000000000004 ஆகும், ஆண்டுக் கணக்கில் அது எங்கோ ஒரு காசு இடிக்கும். வங்கி அறிக்கையில் தெரியும் பெயரையும் கவனியுங்கள். மென்பொருளின் பெயர் ஒன்றாகவும் அறிக்கையில் வரும் பெயர் வேறாகவும் இருந்தால், வாடிக்கையாளர் 'இது நான் வாங்கியதல்ல' என்று வங்கியில் தகராறு பதிவார். அதற்கான அபராதக் கட்டணம் சந்தாவை விடப் பெரிதாக இருப்பது சாதாரணம். பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்கு வாதம் செய்யாமல் அன்றே கொடுத்துவிடுவதே மலிவு.

குழாய் சரியான பிறகுதான் நிரல். முதல் இரண்டு வாரம், முன்பணம் கட்டியவர்களில் ஒருவருக்கு அந்த வேலையைக் கையாலேயே செய்து கொடுத்துப் பார்க்கலாம்: அவருடைய பதிவுகளை நீங்களே ஒரு எக்செல்லில் பராமரித்து, மோதல் வந்தால் சொல்வது. எந்த விவரம் எப்போது தேவைப்படுகிறது என்பது அப்போது புரிந்துவிடும். பிறகு எழுதும் முதல் பதிப்பில் மூன்று அட்டவணைகள் போதும்: கருவி, வாடிக்கையாளர், பதிவு. ஒரு காலண்டர் திரை. அறிக்கைகள், அலைபேசிச் செயலி, பல மொழிகள் எல்லாம் பிறகு. அகலக்கால் வைக்கும் ஆசை இங்கேதான் அதிகம் வரும்.

பணம் வாங்குவது இரட்டைப் பதிவைத் தடுப்பதற்காக என்றால், அந்த ஒன்று எந்த நிலையிலும் பொய்க்கக் கூடாது. இரண்டு பதிவுகள் மோதுகின்றனவா என்பதற்கு விதி எளிது: முதலாவது தொடங்கும் நேரம் இரண்டாவது முடியும் நேரத்துக்கு முன்பாகவும், இரண்டாவது தொடங்கும் நேரம் முதலாவது முடியும் நேரத்துக்கு முன்பாகவும் இருந்தால் மோதல். தொடக்கம் சேரும், முடிவு சேராது என்று வைத்துக்கொண்டால், காலை பத்துக்குத் திரும்பும் லென்ஸை அதே பத்துக்கு அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆனால் இந்தச் சோதனையை நிரலில் மட்டும் வைத்தால் போதாது. இரண்டு ஊழியர்கள் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால், இரு கோரிக்கைகளும் 'காலியாக இருக்கிறது' என்று பார்த்துவிட்டு இரண்டும் பதிவாகிவிடும். சோதனையில் ஒருபோதும் தென்படாத இந்தத் தவறு, வேலை நெருக்கும் நாளில் வாடிக்கையாளரிடம்தான் வெளிப்படும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 'எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெய்ன்ட்' என்ற கட்டுப்பாடு இருக்கிறது. ஒரே கருவி எண்ணும் ஒன்றன்மேல் ஒன்று விழும் கால வரம்பும் சேர்ந்து வந்தால், இரண்டாவதைத் தரவுத்தளமே மறுத்துவிடும். எண்ணையும் கால வரம்பையும் சேர்த்து ஒப்பிட 'பிட்ரீ ஜிஸ்ட்' என்ற நீட்சியை இயக்க வேண்டும். அதை மறந்தால் கட்டுப்பாட்டை உருவாக்கும்போதே பிழைச்செய்தி வரும். நடந்துபோன நிகழ்வுகளின் நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது வாடிக்கையாளரின் நேர மண்டலத்துக்கு மாற்ற வேண்டும்.

இதற்கு நிகரான இன்னொரு கடமை, ஒரு நிறுவனத்தின் தரவு மற்றொன்றுக்குத் தெரியாமல் காப்பது. இருவரும் போட்டியாளர்கள், ஒருமுறை கசிந்தால் அந்த வட்டாரத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். தரவுத்தளத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு வினவலிலும் நிறுவன எண் இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் நூறில் ஒன்றில் மறந்துபோகும். எந்த வரிசையை யார் பார்க்கலாம் என்று தரவுத்தளமே கட்டுப்படுத்தும், போஸ்ட்கிரெஸ்ஸின் வரிசைமட்டப் பாதுகாப்பு வசதியை அதற்கு இரண்டாம் அரணாக வைக்கலாம். வெளியிடும் முன் இரண்டு சோதனைக் கணக்குகளைத் திறந்து, ஒன்றில் நுழைந்துகொண்டு முகவரிப் பட்டையில் மற்றதன் பதிவு எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஒரு திரை விடாமல் செய்ய வேண்டிய வேலை இது.

சோதனைக் காலத்தில் வந்தவர் ஏன் பணம் கட்டாமல் போகிறார்? என் மதிப்பீட்டில் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே அவரை இழக்கிறோம். நானூறு கருவிகளையும் அறுநூறு வாடிக்கையாளர்களையும் கையால் தட்டச்சு செய்ய யாரும் தயாராக இல்லை. எக்செல் கோப்பை அப்படியே ஏற்கும் வசதி அறிக்கைகளை விட ஆயிரம் மடங்கு முக்கியம். அதில் வரும் கோளாறுகளும் தெரிந்தவைதான். அலைபேசி எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும். நீண்ட எண்களில் பதினைந்து இலக்கங்களுக்கு மேல் உள்ளவை பூஜ்யமாகிவிடும். 03/04 என்பது மார்ச் 4-ஆ ஏப்ரல் 3-ஆ என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. 12-க்கு மேல் ஓர் எண் வரும் வரிசையைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கையாளரையே கேட்க வேண்டும். தசமத்துக்குக் காற்புள்ளி இடும் நாடுகளில், வழக்கமாகக் காற்புள்ளியால் பிரிக்கப்படும் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பு அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரும். நீங்கள் ஏற்றுமதி செய்யும் கோப்பின் தொடக்கத்தில் 'பாம்' எனப்படும் மூன்று பைட் முன்குறி இல்லாவிட்டால், எக்செல் தமிழ் உள்ளிட்ட எழுத்துகளைக் குப்பையாகக் காட்டக்கூடும். ஏற்றும் முன் முதல் இருபது வரிசைகளைக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். பிழையுள்ள வரிசைகளை அவற்றின் எண்ணோடு சொல்லுங்கள். எல்லாம் ஏறட்டும் அல்லது ஒன்றும் ஏறாதிருக்கட்டும். பாதி ஏறி நின்றால் அவர் மறுபடி ஏற்றுவார், எல்லாம் இரட்டிப்பாகும். முதல் இருபது வாடிக்கையாளர்களுக்கு இதை நீங்களே உட்கார்ந்து செய்து கொடுப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

அந்த முதல் இருபது பேர் விளம்பரத்தால் வருவதில்லை. தனித்தனியாக எழுதி, பேசி, திரையைக் காட்டித்தான் சேர்க்க வேண்டும். இணையதளத்தில் பிரச்சினையைச் சொல்லும் ஒரு வாக்கியம், திரையின் படம், விலை, தொடங்கும் பொத்தான் இருந்தால் போதும். 'விலைக்கு எங்களைத் தொடர்புகொள்ளவும்' என்று எழுதினால் சிறு தொழில் செய்பவர் பக்கத்தை மூடிவிடுவார்.

வந்தவர்கள் தங்குவதுதான் வருமானம். மாதம் 5 சதவீதம் பேர் விலகினால் அது சிறியதாகத் தோன்றும். ஓர் ஆண்டு முடிவில் நூறு பேரில் 54 பேர்தான் மிஞ்சியிருப்பார்கள். மாதம் பத்துப் புதியவர்கள் சேரும் இடத்தில் இதே விகிதம் நீடித்தால், எத்தனை ஆண்டு உழைத்தாலும் எண்ணிக்கை 200-ஐத் தாண்டாது. சேர்பவரை விலகும் விகிதத்தால் வகுத்தால் வருவதுதான் உச்சவரம்பு. விகிதத்தை 2.5 ஆகக் குறைத்தால் அந்த வரம்பு 400. விற்பனையை இரட்டிப்பாக்குவதும் இதுவும் ஒரே பலன், ஆனால் இது பெரும்பாலும் எளிது. ஏனெனில் விலகுபவர்களில் ஒரு பகுதியினர் விலக நினைக்கவே இல்லை. அவர்களுடைய அட்டை காலாவதியாகியிருக்கும், அல்லது வங்கி ஒருமுறை மறுத்திருக்கும். அன்றே கணக்கைப் பூட்டக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் நான்கைந்து முறை மறுமுயற்சி செய்து, ஒவ்வொரு முறையும் அட்டையை மாற்றும் இணைப்போடு மின்னஞ்சல் அனுப்பி, பிறகும் வராவிட்டால் படிக்க மட்டும் அனுமதித்து, தரவை மூன்று மாதமாவது வைத்திருக்க வேண்டும். உண்மையாகவே விலகுபவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: இனி இந்த வேலையை எதைக் கொண்டு செய்யப் போகிறீர்கள்?

அந்த மின்னஞ்சல் போய்ச் சேர வேண்டுமே. மின்னஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளை உங்கள் இணைய முகவரியின் டிஎன்எஸ் அமைப்பில் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு அனுப்பும் அனைவரிடமும் முதல் இரண்டில் ஒன்றையாவது எதிர்பார்க்கிறது. நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோரிடம் மூன்றையும் கேட்கிறது. ரசீதும் கடவுச்சொல் மாற்றும் இணைப்பும் போகும் வழியில் விளம்பர மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். ஒன்று கெட்டால் மற்றதும் கெடும்.

மின்னஞ்சலுக்கும் பேக்கப்புக்கும் உள்ள தொடர்பை 2017 ஜனவரி 31-ல் நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு நேர்ந்தது காட்டுகிறது. ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தின் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடியபோது, தினசரி எடுக்கப்பட வேண்டியது போஸ்ட்கிரெஸ் பதிப்பு முரணால் தோல்வியடைந்துகொண்டே இருந்தது தெரிந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் டிமார்க் சரியாக இல்லாததால் நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறு காரணத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு நகலிலிருந்து மீட்டார்கள். இடைப்பட்ட தரவு போயிற்று. அந்த நிறுவனம் இவ்வளவையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டது எல்லோருக்கும் பெரிய உதவி. தோல்வியை மின்னஞ்சலில் எதிர்பார்க்காமல், பேக்கப் வெற்றிபெற்ற செய்தி ஒருநாள் வராவிட்டால் அலறும்படி அமைக்க வேண்டும். நகலை வேறொரு நிறுவனத்தின் சர்வரில், வேறு கடவுச்சொல்லோடு வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதை வெற்றுச் சர்வரில் மீட்டுப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆனது, கடைசிப் பதிவின் தேதி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். மீட்டுப் பார்க்காத நகலை இருப்பதாகவே எண்ணக் கூடாது. நாள்தோறும் நடப்பது சர்வர் அழிவதல்ல, வாடிக்கையாளரே தவறுதலாக எதையாவது நீக்குவது. அதனால் நீக்கியதை முப்பது நாள் மறைத்து மட்டும் வைத்திருப்பது நல்லது.

இன்னொருவர் தரும் ஏபிஐ ஒன்றின் (அவருடைய சேவையை உங்கள் நிரல் எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவிடும் வழி) மீதே முழு மென்பொருளையும் நிறுத்துவது பற்றி ஒரு சொல். ட்விட்டர் 2023-ல் வெளியார் செயலிகளுக்கான வழியை மூடி, இலவச அணுகலையும் வெட்டியபோது, அதை நம்பியிருந்த சிறு மென்பொருள்கள் பல ஒரே இரவில் நின்றன. அந்த ஏபிஐ இல்லாவிட்டாலும் வாடிக்கையாளர் கட்டும் காசுக்கு ஏதேனும் மிஞ்சுமா என்று முன்னரே பாருங்கள்.

சில நேரம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் எண்ணிக்கை இருபதைத் தாண்டாது. பணம் கட்டும் வாடிக்கையாளர்களோடு ஓராண்டு முயன்ற பிறகும் அப்படி இருந்தால், மூடுவதில் தவறில்லை. மூட முடிவு செய்த அன்றே தானாக நடக்கும் சந்தா வசூலையும் புதிய பதிவுகளையும் நிறுத்திவிட வேண்டும். பிறகு தொண்ணூறு நாள் அவகாசம் கொடுத்து ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி, அவர்கள் தரவை எக்செல்லில் திறக்கும் வடிவில் கொடுத்து, ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு மீதி மாதங்களின் தொகையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தத் தொகை கையில் இருக்க வேண்டுமானால், வாங்கிய ஆண்டுச் சந்தாவில் இன்னும் சேவை தராத மாதங்களுக்குரிய பங்கை முதல் நாளிலிருந்தே தொடாமல் ஒதுக்கிவைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிறு மென்பொருள் தொழிலில் இருக்கும் ஒரு வாசகர்